மழைக்கு உள்ளே இழுத்த அடுப்பு

அந்த அடுப்பு வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே எனக்கு அதைக் கண்டால் பயம். திருத்துறைப்பூண்டியில் ஒரு வெல்டிங் பட்டறையில் என் கணவர் பக்கத்தில் நின்று சொல்லிச் சொல்லிச் செய்த அடுப்பு. பெரிய எண்ணெய் டிரம் ஒன்றைப் படுக்கவைத்து நீளவாக்கில் அறுத்து, கீல் போட்டு மேல்பாதியை மூடியாக்கியிருந்தார்கள். ஒரு ஓரத்தில் கரி போடுகிற பெட்டி, மறு ஓரத்தில் புகைபோக்கி, கீழே இழுத்து மூடுகிற மாதிரி காற்றுத் துளைகள், தள்ளிக்கொண்டு போகச் சக்கரம். மூடியின் நடுவில் கடிகாரம் போல ஒரு வெப்பமானி. கறியை நெருப்பில் வாட்டுகிற அடுப்பு இல்லை அது. நெருப்பு ஒரு பக்கம், கறி ஒரு பக்கம். மெல்லிய சூட்டிலும் புகையிலும் காலையிலிருந்து சாயங்காலம் வரை கிடந்து, கறி தானாக எலும்பை விட்டு வர வேண்டும். வளைகுடாவில் ஒரு பெரிய ஓட்டலில் அவர் பல வருடம் செய்த வேலை. எங்கள் பக்கம் யாரும் அதைச் செய்வதில்லை என்பதால் அதையே தொழிலாக வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

அவர் ஊர் திரும்பியதற்குக் காரணம், கொரோனா வந்து பிழைத்தபோது அவருக்கு வாசனை தெரியாமல் போனதுதான். மற்றவர்களுக்குச் சில மாதங்களில் திரும்பி வந்தது அவருக்கு வரவேயில்லை. மல்லிகையும் சாக்கடையும் அவருக்கு ஒன்றுதான். வாசனை தெரியாத சமையல்காரரை எத்தனை நாள் வைத்துக்கொள்வார்கள்? அவர் வந்து சேர்ந்த பிறகு எனக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. வெளியே போய்விட்டு வந்தால் வாசலிலேயே நின்று ஒருமுறை மூச்சை இழுத்துப் பார்ப்பேன். சிலிண்டர் கசிந்தாலும் அவருக்குத் தெரியாது, பால் பொங்கிக் கருகினாலும் தெரியாது. தூங்கப் போகுமுன் கேஸ் அடுப்பின் குமிழைத் திருகிப் பார்த்துவிட்டுப் படுத்து, மறுபடி எழுந்து போய்ப் பார்த்திருக்கிறேன். இந்த நிலைமையில் வீட்டுக் கொல்லையில், வைக்கோல் போருக்குப் பக்கத்தில், நாள் முழுக்கக் கனன்றுகொண்டிருக்கும் ஒரு இரும்பு டிரம் என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

ஆனால் அவர் முகம் தெளிந்தது அந்த அடுப்பு வந்த பிறகுதான். அதனால் வாயைத் திறக்கவில்லை.

பற்றவைப்பதே பெரிய பாடு. பேராவூரணிப் பக்கமிருந்து கொட்டாங்கச்சிக் கரி வரும். அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போட்ட ஒரு தகர டின்னில் அதை நிரப்பி, கீழே காய்ந்த தேங்காய் நாரைக் கொளுத்திவைப்பார். தீ கீழிருந்து மேலே ஏறி, மேல் கரியின் ஓரம் வெள்ளையாகப் பூக்கும்வரை காத்திருந்து, பிறகு அதைப் பெட்டியில் ஏற்கெனவே பரப்பியிருக்கும் கரியின் ஒரு மூலையில் கொட்டுவார். எல்லாக் கரியும் ஒரே நேரத்தில் பற்றிவிடக் கூடாது. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மெதுவாகப் போக வேண்டும். கீழ்த் துளையைக் கொஞ்சம் திறந்தால் முள் ஏறும், மூடினால் இறங்கும். நூற்றுப் பத்து டிகிரிக்கும் நூற்று இருபதுக்கும் நடுவில் முள்ளை நிறுத்த வேண்டும். நின்றுவிட்டால் அவர் நாற்காலியைப் போட்டு எதிரே உட்கார்ந்துவிடுவார். என் வேலை, வாசனை பார்ப்பது.

"எப்படி இருக்கு?" என்பார்.

"கண்ணு எரியுது. கசப்பா வருது."

"அப்ப இன்னும் சரியாப் பத்தல. இப்ப கறிய வெச்சா கறி கசந்துரும்."

வெள்ளையாக மொத்தமாக வரும் புகை ஆகாது. இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு மெல்லிய நீலமாக வர வேண்டும். அதன் வாசம் இனிப்பாக இருக்கும். நான் "நல்லாயிருக்கு" என்று சொன்ன பிறகுதான் மூடியைத் திறந்து கறியை வைப்பார். அப்படி நாலைந்து முறை சொந்தக்காரர்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் செய்து கொடுத்தோம். சாப்பிட்டவர்கள் போன் பண்ணிச் சொன்னார்கள்.

ஐப்பசியில் அவருடைய நண்பர் ஒருவர் வீட்டில் கல்யாணம் வந்தது. இருவரும் வளைகுடாவில் ஒரே அறையில் இருந்தவர்கள். என் கணவர் அவரை 'பாய்' என்றுதான் கூப்பிடுவார், அவர் என்னைத் தங்கச்சி என்பார். கடற்கரைப் பக்கம் எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் வீடு. மகளுடைய நிக்காஹ் விருந்துக்குப் பிரியாணி வேறு ஆட்கள் செய்கிறார்கள், முதல் பந்திக்கு மட்டும் ஆட்டுத் தொடையும் தோளும் எங்கள் அடுப்பில் செய்து தர வேண்டும் என்று கேட்டார். கறியை அவரே அறுத்துக் கொடுத்தனுப்புவதாகச் சொன்னார். சாயங்காலம் விருந்து, காலையில் அடுப்பைப் பற்றவைத்தால் சரியாக இருக்கும்.

"மழ வந்தா என்ன பாய் பண்றது?" என்று இவர் கேட்டார்.

"மழைக்குப் பயந்தா நம்ம பக்கம் ஐப்பசில ஒரு கல்யாணமும் வெக்க முடியாது" என்று அவர் சிரித்தார்.

மழை முந்தின நாளே பிடித்துக்கொண்டது. காலையில் கறி வந்து இறங்கியபோது கொல்லையில் கணுக்கால் அளவு தண்ணீர். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். நான், என் கணவர், அவருடைய தங்கை. நாத்தனாருக்கு ஏழு மாதம் முடிந்து வளைகாப்பு போட்டு அழைத்து வந்திருந்தோம். அவள் கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். என் மாமியார் குத்தாலத்தில் ஒரு துக்கத்துக்குப் போயிருந்தார். கிளம்பும்போது என்னிடம், "பொண்ண ஒரு கண்ணுல வெச்சுக்க, தரையெல்லாம் வழுக்குது" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார். அவள் குளிக்கப் போனால்கூட நான் வெளியே நிற்பேன்.

கரி மூட்டையின் அடிப்பகுதி ஈரம் வாங்கியிருந்தது. தார்ப்பாயைக் கட்டி அதன் கீழே அடுப்பை வைத்துப் பற்றவைத்தோம். நார் எரிந்து முடிந்தது, கரி பிடிக்கவில்லை. இரண்டாம் முறை பிடித்தது, ஆனால் படபடவென்று வெடித்து வெள்ளைப் புகையைக் கக்கியது. தார்ப்பாயைக் காற்று தூக்கித் தூக்கி அடித்தது. அடித்தபோதெல்லாம் சாரல் டிரம்மின் மேல் விழுந்து முள் சரிந்தது. அவர் துளையைத் திறந்தார். காற்று புகுந்து முள் குபீரென்று ஏறியது. மூடினார். மறுபடி ஒரு சாரல். பாதிக் காலை இப்படியே போனது. கறி வாளியில் மசாலா தடவிக் காத்துக்கொண்டிருந்தது. அவர் வாளியையும் முள்ளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஷெட்டுக்குள்ள தள்ளிருவோம்" என்றார்.

எங்கள் வீட்டை ஒட்டி நெல் மூட்டை போடுவதற்கு ஒரு ஷெட் இருக்கிறது. ஹாலோ பிளாக் சுவர், தகரக் கூரை, ஒரு கதவு, ஒரு ஜன்னல்.

"வேணாங்க. உள்ள நெல்லு இருக்கு, சாக்கு இருக்கு. ஒரு பொறி விழுந்தா போச்சு."

"சாக்க அந்தப் பக்கம் நகத்திருவோம். நீ தண்ணி எடுத்து வெச்சுக்க. நான் கண்ண எடுக்கவே மாட்டேன்."

நெருப்புதான் என் பயம். அதனால் நெருப்புக்கு என்னென்ன செய்ய வேண்டுமோ அத்தனையும் செய்தேன். மூட்டைகளைப் பின்சுவரோடு சேர்த்து அடுக்கினோம். தரையில் சிந்திக் கிடந்த வைக்கோலைக் கூட்டி எடுத்தேன். குடத்திலும் வாளியிலும் தண்ணீர் நிரப்பி வைத்தேன், ஒரு சாக்கை நனைத்துக் கைக்கெட்டும் இடத்தில் போட்டேன். புகைபோக்கியை ஜன்னல் பக்கம் பார்த்து நிறுத்தினார். ஆனால் காற்று ஜன்னல் வழியாகத்தான் அடித்தது. புகையை உள்ளேயே திருப்பித் தள்ளியது, சாரலும் சேர்ந்து வந்தது. அவர் ஜன்னலில் ஒரு சாக்கைச் சொருகினார். கதவை ஒரு சாண் திறந்து வைத்தோம். அதுவும் அவ்வப்போது காற்றில் சாத்திக்கொண்டது.

உள்ளே வந்த பிறகு அடுப்பு சொன்ன பேச்சைக் கேட்டது. முள் மெதுவாக ஏறி நூற்றுப் பதினைந்தில் போய் நின்றது. புகை மெலிந்தது. நான் மோந்து பார்த்தேன். கண் எரியவில்லை, கசப்பு இல்லை. "நல்லாயிருக்கு" என்றேன். அவர் கறியை வரிசையாக வைத்து மூடியை மூடினார். இருக்கிற காய்ந்த கரி வேகமாகத் தீர்ந்துவிடப் போகிறதே என்று கீழ்த் துளையை முக்கால்வாசி அடைத்தார். காலையிலிருந்து முதல்முறையாக அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

கொஞ்ச நேரத்தில் நாத்தனார் குடை பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"அண்ணி, வீட்ல கரண்ட்டும் இல்ல, ஒரே குளிரா இருக்கு. இங்கதான் கதகதன்னு இருக்கு. நான் இங்கயே உக்காந்துக்கிறேன்."

தரை வழுக்கும் வீட்டில் அவளைத் தனியாக விடுவதைவிட இங்கே என் கண்ணெதிரில் இருப்பது நல்லது என்றுதான் நினைத்தேன். இரண்டு நெல் மூட்டையைச் சேர்த்துப் போட்டு அதன்மேல் போர்வையை விரித்துக் கொடுத்தேன். அடுப்பிலிருந்து தள்ளியே உட்காரவைத்தேன். அவள் வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டு அண்ணனிடம் கல்யாணப் பெண்ணைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. பேசுவதற்கே சத்தமாகப் பேச வேண்டியிருந்தது.

நான் வீட்டுக்கும் ஷெட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். மதியச் சோற்றை வடிக்க வேண்டும், நனைந்த துணிகளை உள்ளே போட வேண்டும். ஒருமுறை திரும்பி வந்தபோது நாத்தனார் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"தலைய வலிக்குது அண்ணி. காலைல காப்பி குடிக்கல, அதான் போலருக்கு."

"எனக்கும் லேசா வலிக்குது" என்றார் அவர். "பசி."

காப்பி போட்டு வந்தேன். அவள் இரண்டு வாய் குடித்துவிட்டு, கதவோரம் குனிந்து வாந்தி எடுத்தாள். முதல் மூன்று மாதத்தோடு நின்றுபோன வாந்தி திரும்பி வந்துவிட்டது என்று அவளே சொன்னாள். எனக்குச் சரியாகப் படவில்லை. ஏழு மாதத்துக்குமேல் தலைவலி என்றால் ரத்த அழுத்தமாக இருக்கும் என்று செக்கப்புக்குப் போனபோது நர்ஸம்மா சொல்லியிருந்தது ஞாபகம் வந்தது. வீட்டில் பிபி பார்க்கிற மிஷின் இல்லை. கொரோனாவின்போது வாங்கிய, விரலில் மாட்டுகிற சின்ன மிஷின் இருந்தது. அதை எடுத்து வந்து அவள் விரலில் மாட்டினேன். தொண்ணூற்றெட்டு காட்டியது. அவர் விரலிலும் மாட்டினேன். அதேதான். கொரோனா நாட்களில் அந்த எண்ணைப் பார்த்தால் எவ்வளவு நிம்மதியாக இருக்குமோ அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

"பாத்தியா, ஒண்ணுமில்ல" என்றார் அவர்.

எனக்கும் மண்டை கனத்தது. கண்களுக்குப் பின்னால் யாரோ உட்கார்ந்து அழுத்துவது போல இருந்தது. எலுமிச்சம்பழம் பிழிந்து வரலாம் என்று வீட்டுக்குப் போனேன். அடுப்படியில் நின்று பழத்தை அறுக்கும்போது தலை லேசாகிவிட்டதைக் கவனித்தேன். மழைக் காற்று பட்டதால் இருக்கும் என்று நினைத்தேன். டம்ளரோடு திரும்பி வந்து நாத்தனாருக்குக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அதே கனம், அதே இடத்தில். காலும் சோர்ந்தது. சர்க்கரை போடவில்லையே என்று மறுபடி வீட்டுக்குப் போனேன். ஷெட் வாசலைத் தாண்டி மழையில் நடக்கும்போதே தெளிந்தது.

அங்கேயே, மழையிலேயே நின்றுவிட்டேன்.

மலைப் பக்கம் சுற்றுலா போனவர்கள் குளிருக்காக அறைக்குள் கரியடுப்பை வைத்துக்கொண்டு தூங்கி, காலையில் எழுந்திருக்கவே இல்லை என்ற செய்தி எல்லா வருடமும் டிவியில் வரும். அவர்கள் கதவைச் சாத்தித் தூங்கியவர்கள். நாங்கள் விழித்திருக்கிறோம், கதவு திறந்திருக்கிறது, புகைகூட இல்லை. நான் மோந்து பார்த்தேனே. இப்படியெல்லாம் மனதுக்குள் சொல்லிக்கொண்டே ஷெட்டுக்கு ஓடினேன். கதவு சாத்தியிருந்தது.

தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து வெப்பமானியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்ளோங்க காட்டுது?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. "நூத்திப் பதினஞ்சு" என்றார் பிறகு, நாக்கு தடித்தவர் போல.

முள் எண்பதுக்குக் கீழே கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

என் வாழ்நாளில் அப்படி ஒரு பயத்தை நான் அறிந்ததில்லை. அவர் கண் திறந்திருந்தது, முள்ளின் மேல்தான் இருந்தது, ஆனால் அவர் அங்கே இல்லை. நாத்தனார் மூட்டைமேல் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கன்னம் நல்ல சிவப்பாக இருந்தது. கூப்பிட்டேன். "ம்" என்றாள், கண்ணைத் திறக்கவில்லை. அக்குளில் கைகொடுத்துத் தூக்கினேன். அவள் கால் தரையில் ஊன்றவே இல்லை. வயிறு எங்கும் இடித்துவிடக் கூடாது என்று அவளை என் மேல் சாய்த்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து கதவுக்கு வெளியே இழுத்தேன். கதவுக்கு வெளியே ஒரு சிமெண்ட் மேடு. அதில் உட்காரவைத்தேன். மழை அவள் முகத்தில் அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டேன்.

திரும்பிப் பார்த்தால் அவர் எழுந்திருந்தார். எழுந்து அடுப்பின் பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

"வெளில வாங்க" என்று கத்தினேன்.

"சூடு எறங்கிருச்சு" என்றார். "கரி போடணும்."

குனிந்தவர் அப்படியே முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டார். மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போனேன். சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். என்னைவிட இரண்டு மடங்கு ஆள். என்னைத் திட்டினார். அதுவரை அவர் வாயில் நான் கேட்டிராத ஒரு வார்த்தை. பாதி தவழ்ந்து பாதி இழுபட்டு வாசலுக்கு வந்ததும் சேற்றில் குப்புற விழுந்தார். புரட்டிப் போட்டேன். மழை பட்டுக் கண்ணைச் சிமிட்டினார். ஜன்னல் சாக்கை வெளிப்பக்கமிருந்து பிடுங்கி எறிந்தேன்.

ஆம்புலன்சுக்குப் போன் போட்டேன். வருகிறோம் என்றார்கள், ஆனால் வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில் ரோட்டில் தண்ணீர் ஓடுகிறது, சுற்றித்தான் வர வேண்டும் என்றார்கள். எதிர்வீட்டு அண்ணன் நெல் ஏற்றுகிற லோடு ஆட்டோ வைத்திருக்கிறார். நான் கத்திய கத்தலில் அவரே ஓடி வந்துவிட்டார். என்ன ஏது என்று கேட்கவில்லை. மூவரையும் பின்னால் ஏற்றி மேலே தார்ப்பாயைப் போட வந்தார்.

"மூடாதீங்கண்ணே" என்றேன். "காத்து வேணும்."

அப்படியே நனைந்துகொண்டு போனோம். வண்டி குலுங்கியதில் நாத்தனார் கண்ணைத் திறந்தாள். எங்கே இருக்கிறோம் என்று அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அவள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"அண்ணி, புள்ள அசையல."

"தூங்கும்டி" என்றேன்.

"இல்லண்ணி. இந்நேரம் ஒதைக்கும். அசையவே இல்ல."

நானும் கை வைத்துப் பார்த்தேன். வண்டியின் ஆட்டத்தைத் தவிர எதுவும் தெரியவில்லை. இரண்டு பக்கமும் வயலெல்லாம் வெள்ளமாக, நட்டு ஒரு மாதம்கூட ஆகாத சம்பாப் பயிரின் நுனி மட்டும் தெரிந்தது. அவர் வண்டியின் ஓரத்தில் தலையைத் தொங்கப்போட்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். வாந்தி எடுப்பவர் உயிரோடு இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு இவளைப் பற்றித்தான் பயம், இவளுக்குள் இருந்ததைப் பற்றித்தான்.

திருத்துறைப்பூண்டி ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டரம்மா இருந்தார். "அடுப்பு எங்க இருந்திச்சு?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். உடனே இருவருக்கும் முகமூடி மாட்டி ஆக்சிஜனை முழுசாகத் திறக்கச் சொன்னார். எனக்கும் ஒன்று மாட்டச் சொன்னார். நான் விரல் மிஷின் விஷயத்தைச் சொன்னேன்.

"தொண்ணூத்தெட்டு காட்டுச்சும்மா. ரெண்டு பேருக்கும்."

"அதுக்கு வித்தியாசம் தெரியாதும்மா" என்றார். "கரியிலேர்ந்து வர்ற கார்பன் மோனாக்சைடு ரத்தத்துல போய் ஒட்டிக்கும். ஆக்சிஜன் இருக்க வேண்டிய எடத்துல அது உக்காந்திருக்கும். இந்த மிஷின் அதையும் ஆக்சிஜன்னு எண்ணிக்கும். அதுக்கு நெறமும் கெடையாது, வாசனையும் கெடையாது."

நாத்தனாரின் வயிற்றில் பசை தடவி, குழந்தையின் துடிப்பைக் கேட்கிற கருவியை வைத்தார்கள். டாக்டரம்மா ஒரு இடத்தில் வைத்து அழுத்தினார். இரைச்சல்தான் வந்தது. இன்னொரு இடம். இரைச்சல். நர்ஸ் வந்து வயிற்றைத் தடவிப் பார்த்து, "கொழந்த முதுகு இந்தப் பக்கம் மேடம்" என்றார். நாத்தனார் என் கையைப் பிடித்திருந்தாள். அவள் நகம் பதிந்து எனக்கு ரத்தம் கசிந்ததை நான் பிறகுதான் பார்த்தேன். குத்தாலத்தில் இருக்கும் மாமியாருக்கு என்ன சொல்வது, சிங்கப்பூருக்கு எப்படிப் போன் போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சொல்ல வேண்டிய வார்த்தைகளைக்கூட மனதுக்குள் அடுக்கத் தொடங்கிவிட்டேன். அதற்குள் டொக் டொக்கென்று வந்தது.

நான் அழப் போனேன். டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணினார். "துடிப்பு இருக்கு. ஆனா இருக்க வேண்டியதுக்குக் கம்மியா இருக்கு" என்றார். "அம்மாவுக்குத் தெளிஞ்சாலும் கொழந்தைக்கு அது சீக்கிரம் எறங்காது. ரொம்ப நேரம் ஆக்சிஜன் குடுக்கணும். தஞ்சாவூருக்குக் கொண்டு போயிருங்க. அவசரம்னா அங்க ஆபரேஷன் பண்ணி எடுக்க முடியும்."

என் கணவரை எதிர்வீட்டு அண்ணனின் பொறுப்பில் அங்கேயே விட்டுவிட்டு நானும் நாத்தனாரும் ஆம்புலன்சில் கிளம்பினோம். மன்னார்குடி வழியாகப் போனோம். கூடவே வந்த நர்ஸ் அவ்வப்போது கருவியை வயிற்றில் வைத்துப் பார்த்தார். வண்டிச் சத்தத்தில் சில சமயம் கேட்கும், சில சமயம் கேட்காது. கேட்காத நேரங்களில் நாத்தனார் என் முகத்தைத்தான் பார்த்தாள். முகமூடிக்குள்ளிருந்து ஏதோ சொல்ல முயன்றாள். பேசாதே என்று சைகை காட்டினேன். என் முகத்தில் எதுவும் தெரியாமல் வைத்துக்கொள்வதைத் தவிர அவளுக்கு நான் செய்யக் கூடியது எதுவும் இல்லை.

வழியில் என் கணவரின் போன் என் பையில் அடித்தது. பாய் அண்ணன்.

"என்ன தங்கச்சி, மாப்ள போன எடுக்க மாட்டேங்கிறான். வண்டி அனுப்பவா?"

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அந்தப் பக்கம் மேளமும் பிள்ளைகள் சத்தமும் கேட்டது. பிறகு அவர் எங்கோ தள்ளிப் போய் நின்று பேசினார்.

"கறிய வுடும்மா. எந்த ஆஸ்பத்திரி? அவன் எங்க இருக்கான்?"

மகள் கல்யாணத்தன்று, விருந்துக்கு ஆட்கள் வரத் தொடங்கிய நேரத்தில், அவர் திருத்துறைப்பூண்டிக்குப் போய் என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு, பந்தி ஆரம்பிப்பதற்குள் திரும்பிப் போயிருக்கிறார். இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

மாமியார் குத்தாலத்திலிருந்து நேரே தஞ்சாவூருக்கு வந்துவிட்டார். துக்க வீட்டுக்குப் போன சேலையிலேயே, முந்தானையெல்லாம் நனைந்து, வார்டு வாசலில் வந்து நின்றார். நான் எழுந்து நின்றேன். என்னை நம்பி விட்டுப் போன மகள். அவர் என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்று இருந்தேன்.

"துடிக்குதா?" என்றார்.

"துடிக்குது அத்தை."

அவர் அப்படியே சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டார். என்னையும் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். வார்டுக்குள்ளிருந்து யாராவது வெளியே வரும்போதெல்லாம் அவர் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கும்.

விடியும் நேரத்தில் துடிப்பு சரியான அளவுக்கு வந்துவிட்டது என்றார்கள். நாத்தனார் அதற்கு முன்பே, "ஒதைக்குதும்மா" என்று சொல்லிவிட்டாள். ஆபரேஷன் வேண்டியிருக்கவில்லை. சில நாள் வைத்திருந்து, ஸ்கேன் எடுத்துப் பார்த்து அனுப்பினார்கள். மூளைக்கு ஏதாவது ஆகியிருக்குமா என்று மாமியார் கேட்டதற்கு, பிறந்த பிறகு பார்த்துக்கொண்டேதான் இருக்க வேண்டும், இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார்கள்.

அந்தப் பதில் எங்கள் வீட்டோடு வந்து குடியேறியது. தை மாதம் பெண் குழந்தை பிறந்தது, நல்ல எடையோடு, நல்ல அழுகையோடு. எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்தோம். நான் குழந்தையைக் கையில் வாங்கினால் விரல்களைத்தான் பிரித்துப் பார்ப்பேன், இரண்டு கையும் ஒரே மாதிரி மூடுகிறதா என்று. கண் வெளிச்சத்தைத் தொடர்கிறதா, கூப்பிட்டால் திரும்புகிறதா என்று பார்ப்பேன். நாத்தனாரும் அதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு நாள் மத்தியானம் என் கையிலிருந்து எவர்சில்வர் தாம்பாளம் நழுவி விழுந்தது. கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை இரண்டு கையையும் விரித்துத் தூக்கிப்போட்டு வீறிட்டு அழுதது. நாத்தனார் குழந்தையை எடுக்கவில்லை. அடுப்படி வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். "காது கேக்குது அண்ணி" என்றாள். பிறகுதான் இருவரும் ஓடிப் போய்த் தூக்கினோம். இப்போது அந்தப் பெண் தத்தித் தத்தி நடக்கிறாள். வீட்டில் எதைக் கீழே வைத்தாலும் வாயில் போட்டுக்கொள்கிறாள்.

தேறி வீடு வந்த என் கணவர் பல மாதம் அடுப்பைத் தொடவில்லை. அன்றைக்கு உள்ளே வைத்த கறியை எதிர்வீட்டு அண்ணன்தான் எடுத்துக் குழி தோண்டிப் புதைத்திருந்தார். அன்று நடந்தவற்றில் பாதி என் கணவருக்கு நினைவில்லை. என்னைத் திட்டியதும் நினைவில்லை. நானும் சொல்லவில்லை. கோடை முடியும்போது அவரே ஆளைக் கூப்பிட்டு, கொல்லையின் கடைசியில் நான்கு இரும்புக் கம்பம் நட்டு, மேலே மட்டும் தகரம் போட்டார். சுவர் இல்லை. ஓலைத் தட்டிகூட இல்லை. மழை அடித்தால் அடுப்பு நனையட்டும், ஆர்டர் போனால் போகட்டும் என்றார். ஆர்டர் கேட்பவர்களிடம் மழைக்காலத்தில் செய்ய மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்.

மறுபடி முதல்முறை பற்றவைத்த அன்று நான் வீட்டுக்குள்ளேயே இருந்தேன். பிறகு பார்க்காமல் இருப்பது இன்னும் மோசமாக இருந்ததால் போய் நின்றேன். காற்று வருகிற பக்கமாகத்தான் நின்றேன். கரி வெள்ளை பூத்து, முள் ஏறி நின்றது. காற்று ஒருமுறை திரும்பி மெல்லிய புகையை என் பக்கம் கொண்டுவந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், எதுவும் கேட்கவில்லை.

"வாசம் நல்லாயிருக்கு" என்றேன். "ஆனா நீங்க கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார். அங்கிருந்து முள் சரியாகத் தெரியவில்லை. அவ்வப்போது எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

அவர் அடுப்பைப் பற்றவைக்கும் நாட்களில் நான் வீட்டின் எல்லாக் கதவையும் ஜன்னலையும் திறந்துவைக்கிறேன். அடுப்புக்கும் வீட்டுக்கும் இடையே அவ்வளவு தூரம் இருக்கிறது, தேவையில்லை என்று எனக்குத் தெரியும். கொசு வரும் என்று மாமியார் சொல்வார். வரட்டும் அத்தை என்பேன்.